என் தங்கை ஏன் டிகிரிக்குப் போகவில்லை



எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "அடுத்து என்ன டிகிரி?" கல்யாண வீட்டில் கேட்பார்கள், கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போதும் கேட்பார்கள். என்ன வேலை செய்ய ஆசை என்று யாரும் கேட்பதில்லை. நானும் அப்படிக் கேட்டவன்தான். என் சொந்தத் தங்கச்சியிடம் கேட்டேன், அவள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் நானே சொன்னேன். இன்ஜினியரிங் ஃபவுண்டேஷன் பண்ணு, அப்புறம் நாலு வருஷ டிகிரி, அண்ணன் இருக்கேன்ல, பார்த்துக்கலாம் என்றேன். அது தப்பு என்று எனக்குப் புரிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது.

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. மருத்துவமனை கொஞ்சம் தெரியும், அதற்குக் காரணம் அப்பா.

அப்பா லாரி ஓட்டுநர். தங்கச்சி படிவம் ஐந்தில் இருந்த வருஷம், ஒரு நாள் விடியற்காலை குளியலறை வாசலில் சரிந்துவிட்டார். வலது கை தூக்க வரவில்லை, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு குழறியது. பக்கவாதம். 999-க்கு அழைத்தோம். ஆம்புலன்சில் வந்தவரை டாக்டர் என்று நினைத்து நான் "டாக்டர், டாக்டர்" என்றே பேசிக்கொண்டிருந்தேன். அவர் டாக்டர் இல்லை. பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான், நம் ஆட்கள் பழக்கத்தில் 'எம்.ஏ.' என்று சொல்வோமே, அவர். விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார். பிறகு ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டார்: "கடைசியாக இவரை நல்லபடியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு?" நான், ராத்திரி பத்துக்குப் படுத்தார் என்றேன். அம்மாதான் குறுக்கே வந்து, "இல்ல, அஞ்சு மணிக்கு எழுந்து தண்ணி குடிச்சாரு, என்கிட்ட நல்லாத்தான் பேசினாரு" என்றார்.

அந்தப் பதில் ஏன் அவ்வளவு முக்கியம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ராத்திரி பத்து என்று நான் சொன்ன கணக்குப்படி நேரம் தாண்டியிருக்கும். அம்மா சொன்ன கணக்குப்படி இருந்தது. ஆனால் அதே பக்கவாதம் ரத்தக் கசிவால் வந்திருந்தால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும். எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். எடுத்தவர் ரேடியோகிராபர். ரத்தத்தைச் சோதித்தவர் எங்கேயோ ஒரு பரிசோதனைக் கூடத்தில், நாங்கள் முகம்கூடப் பார்க்காத ஒருவர். டாக்டர் முடிவெடுத்தார், உண்மை. அந்த முடிவை எடுக்க அவர் கையில் இருந்த ஒவ்வொரு தகவலையும் வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அந்த 'வேறு யாரோ'க்களில் பலர் மூன்று வருஷ டிப்ளோமா படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்கள்.

வார்டிலும் அதே கதைதான். அம்மா பாசத்தில் ஒரு கப் மைலோ கலந்து கொண்டுபோய் அப்பா வாயில் வைக்கப் பார்த்தார். மிஸி ஓடிவந்து தடுத்துவிட்டார். விழுங்கும் தசை பலவீனமாக இருந்தால் அந்த மைலோ நுரையீரலுக்குள் போகும், நிமோனியா வரும். பேச்சு சிகிச்சையாளர் வந்து ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரலை வைத்துப் பார்த்து, கெட்டியாக்கிய பானம் மட்டும் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அப்பா எதையும் குடித்தார். அதுவரைக்கும் பேச்சு சிகிச்சை என்றால் பேச்சு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு நன்றாக அடி விழுந்தது பிசியோவில். அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்ப நான் போய் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தேன். பிசியோதெரப்பிஸ்ட் ஒரு மலாய்க்கார அக்கா, என்னைவிட மூன்று நாலு வயதுதான் கூட இருக்கும். "அடிக், ஜாங்கான்!" என்று ஒரு அதட்டல். பக்கவாதம் வந்த கையில் தோள்மூட்டைப் பிடித்து வைக்கிற தசைகளுக்குப் பலம் இருக்காது, இழுத்தால் மூட்டு இறங்கிவிடும் என்று விளக்கினார். அப்புறம் அப்பாவைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து உட்கார வைத்து, பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி, உடம்பை முன்பக்கம் சாயச் சொல்லி, இடுப்பில் கை வைத்து மெதுவாகத் தூக்கினார். அப்பா எண்பது கிலோ. அந்த அக்கா ஐம்பதுகூட இருக்க மாட்டார். எடையின் மையம் பாதத்துக்கு மேல் வந்துவிட்டால் தூக்க வேண்டியது அவ்வளவு அதிகம் இல்லை. ஸ்டாட்டிக்ஸ் பாடத்தில் நான் ஏ வாங்கியவன். அதே பாடம் என் எதிரில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

தங்கச்சி கவனித்தது பிசியோவை இல்லை, அதற்கு அடுத்த அறையை. மலாயில் 'தெராப்பி சாரா கெர்ஜா' என்பார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ வேலைப் பயிற்சி மாதிரி இருக்கும். எங்கள் மாமா இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தமிழில் செயல்முறை சிகிச்சை என்று சொல்லலாம். நோய் வந்த பிறகு ஒரு மனிதர் தன் அன்றாடக் காரியங்களைத் திரும்பத் தானே செய்வதற்குப் பழக்குவதுதான் அந்த வேலை: சட்டைப் பொத்தான் போடுவது, பல் துலக்குவது, கழிவறையில் உட்கார்ந்து எழுவது.

அப்பாவுக்குப் போனது வலது கை. ஸ்பூனை இடது கையில் கொடுத்தால் சாப்பிடுவார், ஆனால் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார். பசியில்லை என்பார். அந்தச் சிகிச்சையாளர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் அங்கிள் எப்படிச் சாப்பிடுவார் என்பது. கையால்தான் என்றோம். அப்படியென்றால் கையால் சாப்பிடப் பழகலாம், வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். முதல் சில வாரம் களிமண் மாதிரி ஒன்றைப் பிசைவது, மரக்கட்டைகளை எடுத்து வைப்பது, மேசையில் துண்டைத் தள்ளுவது. அப்புறம் தோசை, ஏனென்றால் அது விரலில் சிதறாது. சோறு கடைசியில்தான். சோற்றைக் கையில் கூட்டி எடுப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்று நாம் யோசித்ததே இல்லை. கட்டைவிரல் ஒரு வேலை செய்கிறது, மற்ற நான்கும் வேறு வேலை செய்கின்றன. வாரம் இரண்டு தடவை அப்பாவுடன் போனது தங்கச்சிதான். நான் ஹாஸ்டலில் இருந்தேன். அப்பா முதல் தடவை ரசம் சோறு தானே எடுத்துச் சாப்பிட்ட அன்றைக்கு அவள் எனக்குப் போன் செய்தாள். அவளுக்குப் பேச்சே வரவில்லை.

முடிவு வந்தது. ஆறு கிரெடிட். உயிரியல் பி பிளஸ், கணிதம் சி பிளஸ், மலாய் பி. ஏ ஒன்றுகூட இல்லை. வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. "அண்ணன் இன்ஜினியரிங், நீ இப்படி" என்று ஒரு சித்தி சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் நான் அந்த ஃபவுண்டேஷன் பேச்சை எடுத்தேன். அவள், "அண்ணே, எனக்கு அந்த அறையிலதான் வேலை செய்யணும்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது டிப்ளோமாதானே."

அந்த 'தானே'யைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

முதலில் வருஷக் கணக்கு. நாலு வருஷ டிகிரி என்கிறோம். எஸ்.பி.எம். முடித்தவர் நேராக அந்த நாலு வருஷத்துக்குள் நுழைய முடியாது. மெட்ரிகுலேஷன் என்றால் பொதுவாக ஒரு வருஷம், எஸ்.டி.பி.எம். என்றால் ஒன்றரை வருஷம், நடுவில் காத்திருப்பு வேறு. ஆக ஐந்து, ஐந்தரை, சிலருக்கு ஆறு. டிப்ளோமா எஸ்.பி.எம்.மிலிருந்து நேராகத் தொடங்கி மூன்று வருஷத்தில் முடிகிறது. எங்கள் வீட்டில் லாரி நின்றுவிட்டது, வருமானம் பாதிக்கும் கீழே. இந்த வித்தியாசம் எங்களுக்குச் சின்னதில்லை.

அடுத்து, தரம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமா நான்காம் நிலை, இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை. இதை மறைக்க வேண்டியதில்லை. அரசாங்க வேலையில் டிப்ளோமாக்காரர் நுழையும் தரம் கீழே, சம்பளமும் கீழேதான் தொடங்கும். ஆனால் படிக்கட்டு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. டிப்ளோமாவோடு வேலை பார்த்துவிட்டு அதே துறையில் பட்டம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், படித்த பாடங்களுக்குக் கிரெடிட் கழித்துக் கொடுக்கிற பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. தாதியருக்கும் எம்.ஏ.க்களுக்கும் 'போஸ் பேசிக்' என்ற மேற்பயிற்சி உண்டு, சிறுநீரகப் பராமரிப்பு மாதிரி.

அப்புறம் சட்டம். இது நம் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2016-ஆம் ஆண்டு மருத்துவத் துணைத் தொழில்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது, சட்டம் 774. அது 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பட்டியலில் 23 தொழில்கள். பிசியோதெரப்பி, செயல்முறை சிகிச்சை, ரேடியோகிராபி, மருத்துவப் பரிசோதனைக் கூடத் தொழில்நுட்பம், உணவியல், செவித்திறன், பேச்சு சிகிச்சை எல்லாம் அதில் வரும். இந்த வேலைகளைச் செய்ய அந்த மன்றத்தில் பதிவு வேண்டும். எம்.ஏ.க்களுக்கு 1977-ஆம் ஆண்டின் சட்டம், தாதியருக்கு 1950-ஆம் ஆண்டின் சட்டம், அவை தனி. மருத்துவமனையில் சும்மா உதவிக்கு நிற்கிற ஆள் என்று நாம் நினைப்பவர், உண்மையில் தன் கையெழுத்துக்குத் தானே பொறுப்பேற்கிறவர்.

பட்டியலில் இருக்கிற எல்லாத் தொழிலுக்கும் டிப்ளோமா போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சு சிகிச்சை, செவித்திறன், உணவியல் இவற்றுக்குப் பட்டப்படிப்பே வேண்டும். டிப்ளோமாவில் தொடங்கக்கூடியவை செயல்முறை சிகிச்சை, பிசியோ, ரேடியோகிராபி, பரிசோதனைக் கூடம், பல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் சுகாதாரம், எம்.ஏ., தாதிமை போன்றவை. படிப்பு சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரேடியோகிராபிக்குப் போகிறவருக்குக் கதிரியக்க இயற்பியல் உண்டு. பிசிக்ஸ் பிடிக்கவில்லை என்று தப்பித்து அங்கே ஓடினால் அது கதவைத் திறந்து வரவேற்கும். பரிசோதனைக் கூடத்தில் ரத்த வகை பொருத்துகிறவர் ஒரு லேபிளை மாற்றி ஒட்டினால் ஓர் உயிர் போகலாம்.

இனி நாங்கள் ஏமாந்த கதை. தங்கச்சியின் பிடிவாதம் என்னை ஜெயித்த பிறகு, ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போனோம். ஒரு தனியார் கல்லூரியின் மேசையில் ரொம்ப அன்பாகப் பேசினார்கள். எல்லா அங்கீகாரமும் இருக்கு, வேலை உறுதி, இன்றைக்கே பதிந்தால் கட்டணத்தில் கழிவு. 500 வெள்ளி முன்பணம் கட்டினோம். அம்மா சேர்த்து வைத்திருந்த காசு. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எம்.கியூ.ஏ. இணையப் பதிவேட்டில் தேடினால், அந்தக் கல்லூரி இருக்கிறது, அந்தப் படிப்பு இல்லை. மறுநாள் போன் செய்தேன். "இன்னும் பிராசஸ்ல இருக்கு" என்றார்கள். காசு திரும்பி வரவில்லை. இன்ஜினியரிங் படிக்கிற அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தும் நடந்தது இது.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கல்லூரிப் பெயரை விடுங்கள், படிப்பின் பெயரை அந்தப் பதிவேட்டில் தேடுங்கள். எண்ணில் 'எஃப்.ஏ.' என்றிருந்தால் முழு அங்கீகாரம். 'பி.ஏ.' என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், அதாவது நடத்த அனுமதி இருக்கிறது, முழு மதிப்பீடு இனிமேல்தான். அது மோசடி இல்லை, ஆனால் முதல் அணியில் சேருகிறோம் என்று தெரிந்து சேரவேண்டும். பிறகு, இதைப் படித்தால் பதிவு கிடைக்குமா என்று அந்தத் தொழிலின் மன்றத்தையே கேளுங்கள், கல்லூரி மேசையைக் கேட்காதீர்கள். மூன்றாவதாக, பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை வாரம் என்று எழுத்தில் வாங்குங்கள். வார்டுக்குப் போகாத சிகிச்சைப் படிப்பு, தண்ணீரில் இறங்காத நீச்சல் வகுப்பு மாதிரி. பி.டி.பி.டி.என். கடன் கிடைக்கிறது என்பது வேலை கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தனியாரில் இந்தப் படிப்புகள் பல பத்தாயிரம் வெள்ளி ஆகும், கடனை நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள்.

சுகாதார அமைச்சுக்குச் சொந்தப் பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. சுங்கை பூலோ, உலு கிந்தா, ஜொகூர் பாரு என்று நாட்டின் பல இடங்களில். யு.பி.யு. பாரம் நிரப்பியாச்சு, அதிலேயே வரும் என்று உட்கார்ந்திருந்தால் போச்சு. அது வேறு விண்ணப்பம், வேறு விளம்பரம், தேதி கடந்தால் அந்த முறை கிடையாது. எல்லாப் படிப்புக்கும் எல்லா முறையும் ஆள் எடுக்க மாட்டார்கள். எஸ்.பி.எம்.மில் பொதுவாக ஐந்து கிரெடிட், அதில் கணிதமும் ஓர் அறிவியல் பாடமும் இருக்க வேண்டும். சி என்பதும் கிரெடிட்தான், வீட்டில் யார் எப்படி முகத்தைச் சுளித்தாலும்.

நேர்முகம் மலாயில். தங்கச்சி அங்கேதான் பயந்தாள். ஏன் இந்தத் துறை என்று கேட்பார்கள். மக்களுக்குச் சேவை செய்ய என்று எல்லாரும் சொல்வதையே அவளும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நான்தான், "அதை விடு, அப்பாவோட ரசம் சோற்றைச் சொல்லு" என்றேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

பாட்டிதான் கடைசி வரைக்கும் சமாதானமாகவில்லை. "அடுத்தவங்க எச்சில், அடுத்தவங்க காலு, இதையெல்லாம் தொடற வேலைக்கா பொட்டப்புள்ளைய அனுப்புவாங்க?" பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நான் ஒருநாள் கேட்டேன், "தோட்டத்துல உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா யாரு பார்ப்பா?" "டிரசர் ஐயாதான்." "அவரு டாக்டரா?" பாட்டி யோசித்தார். இல்லை. டாக்டர் எப்போதாவது வருவார். காய்ச்சல், பாம்புக்கடி, வெட்டுக்காயம், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் டிரசர்தான் முதலில் ஓடிவருவார். அவர் வந்தால் கங்காணிகூட எழுந்து நிற்பாராம். 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யவே தனிச் சட்டம் போட்டார்கள். நம் தாத்தா பாட்டி உயிர் பிழைத்தது டிகிரி இல்லாத அந்தக் கைகளால்தான். பாட்டி இதைக் கேட்டுவிட்டு, "அது ஆம்பள வேலை" என்று முடித்துவிட்டார். சரி, ஒரு நாளில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது.

அப்பாவும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் பேசுவார் இப்போது. "மூணு வருஷம் முடிஞ்சு... டிகிரி பண்ணுவியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "பார்க்கலாம்பா" என்பாள்.

அவள் இப்போது அமைச்சின் கல்லூரி ஒன்றில் இரண்டாம் பருவத்தில் இருக்கிறாள். கஷ்டம்தான். ஒரே பருவத்தில் எலும்பு, தசை, நரம்பு எல்லாம். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஆரம்பத்தில் ரொம்ப அழுதாள். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கினால் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. குணமாகாத நோயாளிகளையும் தினமும் பார்க்க வேண்டும். அதற்கு மனசு ஒத்துழைக்குமா என்பது, படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். பக்கத்து மருத்துவமனையிலோ, நம் ஊரில் இருக்கும் மறுவாழ்வு நிலையத்திலோ அனுமதி கேட்டு இரண்டு மூன்று நாள் தொண்டூழியம் செய்து பாருங்கள். என் தங்கச்சிக்கு அந்த வாய்ப்பு அப்பாவால் வந்தது, உங்களுக்கு அப்படி வர வேண்டாம்.

போன மாதம் விடுமுறைக்கு வந்தவள், ஹாலில் அப்பாவின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கட்டு எலும்புகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எட்டு எலும்பு. ஸ்கேபாய்ட், லூனேட் என்று ஒவ்வொன்றாக அவள் தொட்டுத் தொட்டுச் சொல்ல, அப்பா திருப்பிச் சொன்னார். நாக்குக்குப் பயிற்சியாம். நாலாவது எலும்பில் இரண்டு பேருமே தடுமாறினார்கள். நான் பக்கத்தில் தெர்மோ புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். அந்தப் பாடத்தை இந்தப் பருவம் நான் திரும்ப எழுதுகிறேன்.